மருமகள் செய்த சூரியன்

ஒரு பெரிய ஹோட்டலில் இருபத்தாறு வருடம் கண்ணாடி துடைத்தவள் நான். என் கை பட்ட கண்ணாடியில் கறை இருந்ததாக ஒருத்தரும் சொன்னதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடந்த கூத்துக்கு இந்தப் பெருமைதான் காரணம்.

ஆனால் கதை என் மருமகளைப் பற்றியது. மீன் காட்சியகத்தில் எலக்ட்ரீஷியன். கல்யாணமாகி வந்தபோது ஒரு பெட்டித் துணியும் ஒரு கண்ணாடித் தொட்டியும் கொண்டுவந்தாள். தொட்டி அவள் கையில், பெட்டி என் மகன் தலையில். அப்போதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

ஜன்னல் இல்லாத பின்னறையில் தொட்டியை வைத்தாள். அலுமினியத் தகட்டில் நீலமும் வெள்ளையுமாகக் குட்டி எல்.இ.டி.களைப் பதித்து, தானே ஒரு விளக்கு செய்து மேலே தொங்கவிட்டாள். காலை எட்டுக்கு அந்த அறையில் விடியும். முதலில் மங்கிய நீலம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளை, ஒரு மணிக்கு உச்சி வெயில், ஆறு மணிக்கு அந்தி. கடலுக்குள் வெயில் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க, விடுமுறை நாளெல்லாம் படகில் போய் முதுகு கருகி வந்தவள் அவள்.

எல்லாம் பவளத்துக்காக. அதன் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறதாம். வெளிச்சத்தை வைத்து அது சமைத்துப் போடும், பவளம் உட்கார்ந்த இடத்தில் சாப்பிடும். "வீட்டுக்கு வீடு வாசப்படிதான்" என்றேன். என் மகன் எழுந்து தட்டைக் கழுவப் போனான்.

காட்சியக மேலாளருக்கோ நம்பிக்கை இல்லை. விளக்கு வெளிச்சம் பவளத்துக்குப் பத்தாது, காட்சியகத்தின் பெரிய தொட்டிக்கு பிளாஸ்டிக் பவளமே போதும் என்றார். இவள் மல்லுக்கு நின்று ஒரு வாய்ப்பு வாங்கினாள். வீட்டில் அவள் வளர்த்த உள்ளங்கையளவு பச்சைப் பவளத்தை மாதக் கடைசியில் அவர் வந்து பார்ப்பார். பிடித்திருந்தால் பெரிய தொட்டி அவள் பொறுப்பு. இல்லையென்றால் பிளாஸ்டிக்.

அதற்கு மூன்று வாரம் இருக்கும்போது நான் அந்த அறைக்குள் போனேன். விளக்குக்குக் கீழே, தொட்டியை மூடி ஒரு கண்ணாடி உண்டு. தண்ணீர் தெறித்துத் தெறித்து அதில் உப்பு பூத்துக் கிடந்தது. என் கை சும்மா இருக்குமா? கண்ணாடி இருக்கிறதே தெரியாதபடி துடைத்து வைத்தேன்.

மூன்றாம் நாள் பவளம் வெளுக்கத் தொடங்கியது.

"அத்தை, இந்த ரூம்ல ஏதாவது மாத்துனீங்களா?"

"நான் எதுக்கு அங்க போறேன்?"

நாக்குக் கூசாமல் சொல்லிவிட்டேன். அவள் தண்ணீரின் சூட்டைப் பார்த்தாள், உப்பைப் பார்த்தாள், வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றினாள். நின்றபடியே சாப்பிட்டாள். இரண்டு நாள் அதைப் பார்த்த எனக்குச் சோறு இறங்கவில்லை.

"கண்ணாடிய நான்தான் தொடச்சேன்" என்றேன்.

வாளியைக் கீழே வைத்தாள். "முழுசாவா?"

"எனக்கு அரைகுறையாத் தொடைக்கத் தெரியாதும்மா."

உப்பு படியப் படிய வெளிச்சம் குறைந்திருக்கிறது. அதை ஈடுகட்ட அவள் விளக்கின் பிரகாசத்தைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறாள். நான் உப்பைத் துடைத்ததும் அத்தனை வெயிலும் ஒரேயடியாக விழுந்துவிட்டது. வெயில் மிஞ்சினால் பவளம் பாசியை வெளியே துரத்திவிட்டு வெளுத்துப்போகுமாம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இங்கே உடைத்தது மாமியார், குடமோ பொன்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "ரெண்டு நாள் முன்னாடியே சொல்லியிருக்கலாம் அத்தை" என்று மட்டும் சொல்லிவிட்டு விளக்கின் பிரகாசத்தைப் பாதியாகக் குறைத்தாள். பிறகு மூன்று நாளைக்கு ஒரு தரம் துளித்துளியாகக் கூட்டினாள்.

மேலாளர் வந்த அன்றும் ஒரு பக்கம் வெளுப்பு போகவில்லை.

"இது ஏன் இப்படி இருக்கு?"

"வெளிச்சம் கூடிடுச்சு சார். என் தப்புதான்."

என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை அவள். என்னால் பொறுக்க முடியவில்லை. "அவ தப்பு இல்ல சார். தொடச்சதும் நான்தான், தொடைக்கலன்னு பொய் சொன்னதும் நான்தான்."

அவர் குனிந்தார். வெளுத்த இடத்தில் ஊசிமுனை அளவில் பச்சை திரும்பிக்கொண்டிருந்தது. விளக்கை நிமிர்ந்து பார்த்தார். "வெளிச்சம் பத்தாதுன்னு நான் சொல்லிட்டிருந்தேன். இது வெயில்ல காஞ்சு, மறுபடி துளிர்க்குதே" என்றார். பிளாஸ்டிக் வரவில்லை.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் காட்சியகத்தில் எனக்கு வேலை. "உப்பு படியவே விடக்கூடாது அத்தை. வாராவாரம் ஒரே மாதிரி தொடைக்க உங்க கையை விட்டா வேற யாரு?" என்று அவள்தான் கூப்பிட்டாள். "தொடைக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏணியில் ஏறுவேன். துடைத்து முடித்ததும் அவள் தண்ணீருக்குள் ஒரு கருவியை இறக்கி வெளிச்சத்தை அளப்பாள்.

"சரியா இருக்கு அத்தை" என்பாள்.

இருபத்தாறு வருடத்தில் என் வேலையை அளந்து பார்த்து அப்படிச் சொன்னவர்கள் யாரும் இல்லை.