டோக்கன் அக்கா போட்ட முழுக்கு

பேருந்து நிலையத்தில் பயணிகளின் பைகளை வாங்கி வைக்கும் அறையில் அவளுக்கு வேலை. எல்லோருக்கும் அவள் டோக்கன் அக்கா. கம்பி வலைக்குப் பின்னால் ஒரு முக்காலி, முதுகுப் பக்கம் இரும்பு அடுக்குகளில் ஊர்ப்பட்ட பெட்டிகள். பையை வாங்கினால் பித்தளை டோக்கன் ஒன்றைக் கொடுப்பாள். அது திரும்பி வராமல் பை வெளியே போகாது. மந்திரியே வந்து நின்றாலும் போகாது. அடுத்த ஆள் வந்து பொறுப்பேற்காமல் முக்காலியை விட்டு எழுந்திருக்கவும் மாட்டாள்.

அந்தப் பழக்கத்தை வீட்டில் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

போன வருஷம் வயிற்றில் கட்டி என்று அறுவை சிகிச்சைக்குத் தள்ளிக்கொண்டு போனபோது, பிழைத்தால் குலசாமி கோயில் ஊர் ஆற்றில் வந்து முழுகுகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். பிழைத்தாள். ஒரு சனிக்கிழமை கணவன், மாமியார், நாத்தனார் சூழ ரயிலேறி வந்து இறங்கினாள். அன்று சாயங்காலம் மூவரும் ஆற்றில் ஆசைதீர ஊறினார்கள். அவள் படியில் பைகளோடு உட்கார்ந்திருந்தாள். துவட்டிக்கொண்டே கணவன் சொன்னான்:

"இருட்டிடுச்சு. காலையில முதல் ஆளா நீதான் இறங்கறே."

காலையில் விடுதியைக் காலி செய்துவிட்டு நேராகப் படித்துறைக்கு வந்தார்கள். மத்தியானம் ரயில். அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் மாமியார் முழங்கால் தண்ணீரில் நின்றாள்.

"நேத்து சரியா முழுகலடி. பையைப் பாத்துக்கோ, இதோ ரெண்டு நிமிஷம்."

"வேண்டுதல் எனக்கு, அத்தை."

"பை பாக்கறது உங்களுக்குக் கைவந்த கலையாச்சே அண்ணி!" என்றபடி நாத்தனாரும் இறங்கினாள். "நான் உக்காந்தா பையோட என்னையும் தூக்கிட்டுப் போயிடுவாங்க."

கணவன் சிரித்தான். மாற்று உடுப்பை அவள் மடியில் போட்டுவிட்டு அவனும் போனான்.

அவளுக்கு உச்சந்தலை கொதித்தது. அறுத்துத் தைத்தது யார் வயிற்றை? எழுந்து போய்விடலாம்தான். ஆனால் பைகளை அநாதையாக விட்டுப்போக அவள் கை கால் ஒத்துழைக்காது. பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். படித்துறைக்கு மேலே ஒரு கம்பி வலை, உள்ளே இரும்பு அடுக்கு, முக்காலியில் ஓர் ஆள்.

எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு மேலே ஏறினாள்.

"இதுல ஒரு பைக்கு வார் அறுந்திருக்கு. அடியில கை குடுத்துத் தூக்குங்க."

அந்த ஆள் நிமிர்ந்து பார்த்தான். "தொழில் தெரிஞ்ச ஆள் போல இருக்கே!"

"டோக்கன் இல்லாம யாராவது வந்து கேட்டா?"

"என் பொண்டாட்டியே கேட்டாலும் கிடையாது."

"அப்படித்தான் இருக்கணும்."

டோக்கனை முந்தானையில் இறுக்கி முடிந்துகொண்டு, கூட்டம் குறைவான ஓரப் படியில் இறங்கினாள். முதல் முழுக்கில் சாமி நினைப்பே வரவில்லை. நாத்தனார் நினைப்புதான் வந்தது. இரண்டாவதில் வயிற்றுத் தழும்பில் தண்ணீரின் குளிர்ச்சி தெரிந்தது.

தலையைத் தூக்கியபோது மேலே ரகளை. இடுப்பில் ஈரத் துண்டோடு கணவன் கம்பி வலையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தான்.

"அதோ தெரியுதே, அது எங்க பைதான்யா!"

"தெரியட்டும். டோக்கன் எங்கே?"

நாத்தனார் கைகளைக் கட்டிக்கொண்டு நடுங்கினாள். மாமியார்தான் முதலில் ஆற்றுப் பக்கம் திரும்பி அவளைக் கண்டுபிடித்தாள்.

"அங்க என்னடி பண்றே?"

"இதோ ரெண்டு நிமிஷம், அத்தை!"

"ஈரத்தோட நிக்கறோம்டி! ஜன்னி வந்துடப் போகுது!"

"வந்தா இந்த ஆத்துக்கே வேண்டிக்குங்க," என்று அவள் கத்தினாள். "நீங்க முழுக வரும்போது பையை நான் பாத்துக்கறேன்!"

மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது முழுக்குப் போட்டாள்.