இசக்கிமுத்து போட்ட ஆறு மாதத் தடை

மட்டாஞ்சேரியில் மூட்டை சுமக்கும் இசக்கிமுத்து அண்ணனைப் போலக் கண்டிப்பான தகப்பனை நான் பார்த்ததில்லை. ஆறாம் மாதம் கோயிலில் சோறு ஊட்டும்வரை மகன் வாயில் தாய்ப்பால் தவிர எதுவும் படக்கூடாது என்றார். அவர் மனைவி மாயம்மாளுக்கோ இஞ்சிக் கிடங்கு வேலைக்கு உடனே திரும்பியாக வேண்டும். இன்னும் ஒரு மாதம் போனால் அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்துவிடுவாள்.

"அஞ்சு மாசம் முடிஞ்சாச்சு. கஞ்சி குடுத்தா என்ன? தம்பி பி.ஏ. படிச்சவரு, அவரே சொல்லட்டும்" என்றாள்.

எங்கள் ஊரின் முதல் பட்டதாரி நான். படித்தது சரித்திரம்தான் என்றாலும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பொறுப்பதே நல்லது" என்று தீர்ப்பளித்தேன்.

மகிழ்ந்துபோன அண்ணன் எங்களைப் பக்கத்துச் சாயாக்கடைக்குக் கூட்டிப்போனார். பிஸ்கட்டை எடுத்துச் சாயாவில் முக்கினார். மாயம்மாள் இடுப்பிலிருந்த பையன் துள்ளி, குருவிக்குஞ்சு போல வாயைப் பிளந்தான்.

"ஓகோ. எத்தன நாளா நடக்குது?" என்றாள் மாயம்மாள்.

அண்ணன் பிஸ்கட்டைப் பார்த்தார். கடைக்காரச் சேட்டன்தான் பதில் சொன்னார்: "தினமும் இவனுக்கு ஒண்ணு உண்டு சேச்சி."

"அழுதான். ஒரு துண்டுதான்" என்றார் அண்ணன்.

"அப்ப நாளைக்கு நான் கிடங்குக்குப் போறேன். பக்கத்து வீட்டக்கா பாத்துக்குவா. காலைக் கஞ்சி மட்டும் நீங்க ஊட்டிருங்க, கைதான் பழகியிருக்கே."

அண்ணன் துணைக்கு என்னைப் பார்த்தார். நான் சாயா குடிப்பதில் மும்முரமாக இருந்தேன்.

அடுத்த மாதம் கோயிலில் அந்த 'முதல்' சோற்றைப் பையன் சப்புக்கொட்டித் தின்றான். பிறகு, சாயா எங்கே என்று அப்பாவின் கையைத் தேடினான்.