பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு தீக்குச்சி

எண்பதுகளின் தொடக்கம். உடையார்பாளையம் பக்கம் எங்கள் கிராமத்தில், என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் பாகம் பிரிந்த மறுவருடம். எங்களுக்கு வந்தது மாமனார் காலத்துப் பழைய டிராக்டர். கொழுந்தனாரோ புதிதாக ஒன்று எடுத்துவிட்டார். அது எங்கள் வாசலைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். போதாததற்கு அவர் மனைவி, ஜெயங்கொண்டத்தில் பேட்டரிக் கடை வைத்திருந்தவரின் மகள். அவளுக்குத் தெரியாதது இல்லை என்று என் வீட்டுக்காரரே சொல்வார்.

ஆடியில் ஒரு மழை பெய்து, கடலை விதைக்க ஈரம் கிடைத்தது. விட்டால் மறுநாள் வெயிலுக்கே காய்ந்துவிடும். அன்று பார்த்து எங்கள் டிராக்டர் முக்கிவிட்டு நின்றது. பேட்டரி படுத்துவிட்டது. "அவங்க வாசல்ல போய் நிக்காதீங்க" என்று நான் தடுத்தும், என் வீட்டுக்காரர் தம்பியைக் கூப்பிடப் போனார்.

கொழுந்தனார் தன் வண்டியை எங்கள் வண்டிமேல் படாமல் பக்கத்தில் நிறுத்தினார். கையில் இரண்டு தடித்த வயர்களோடு அவளும் வந்தாள். "ரெண்டு வண்டியையும் ஆஃப் பண்ணி நியூட்ரல்ல போடுங்க" என்றாள். ஆண்கள் இருவரும் மறுபேச்சில்லாமல் செய்தார்கள். நான் சொல்லி என்றைக்காவது இவர் கேட்டிருக்கிறாரா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சிவப்பு வயரை இரண்டு பேட்டரியின் பிளஸ்ஸிலும் மாட்டினாள். கறுப்பு வயரின் ஒரு முனையை அவர்கள் பேட்டரி மைனஸில் மாட்டினாள். எனக்கும் கொஞ்சம் தெரியும் என்று காட்ட வேண்டாமா? "தண்ணி இருக்கான்னு பாத்தியா?" என்று எங்கள் பேட்டரியின் மூடியைத் திருகித் திறந்தேன். உள்ளே இருட்டு. குனிந்தபடியே மடியிலிருந்த தீப்பெட்டியை எடுத்துக் குச்சியை உரசப் போனேன்.

கையில் பளீரென்று ஓர் அடி. தீப்பெட்டி சேற்றில் விழுந்தது.

"ஏண்டி, என் வூட்டுக்கே வந்து என்னையே அடிக்கிறியா?" என்றேன்.

அவள் மூடியைத் திருகி மூடினாள். கறுப்பு வயரின் மறுமுனையைப் பேட்டரியில் வைக்காமல், தள்ளி, இஞ்சினின் வெறும் இரும்பில் கவ்வவிட்டாள். சின்னதாக ஒரு பொறி தெறித்தது.

"இந்தப் பொறியே ஆகாதுன்னுதான் தள்ளி மாட்டுறேன்க்கா. பேட்டரில கேஸ் நிக்கும். நெருப்பு பட்டா வெடிச்சு ஆசிட் தெறிக்கும். எங்கப்பாவுக்கு ஒரு கண்ணு அப்படித்தான் போச்சு."

அவர் எப்போதும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பதைப் பகட்டு என்று ஊரெல்லாம் பேசியவள் நான்.

அவர்கள் வண்டி முதலில் ஓடியது. கொஞ்ச நேரத்தில் எங்களுடையதும் உறுமியது. மாட்டிய வரிசைக்குத் தலைகீழாக வயர்களைக் கழற்றிக்கொண்டு அவள் போய்விட்டாள். பொழுது சாய்வதற்குள் விதைத்து முடித்தோம். நான் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை.

பொறாமை அன்றோடு போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவளைப் பார்த்து வயிறெரிய எனக்கு இன்றும் இரண்டு கண்ணும் இருக்கிறதென்றால், அது அவள் போட்ட அந்த அடியால்தான்.