ஒன்பது பாட்டில் கல்

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கடலை மிட்டாய் கம்பெனியில் எனக்குத் தர மேலாளர் வேலை கிடைத்தபோது என் மனைவி கேட்ட முதல் கேள்வி: "கடலை மிட்டாய்க்கு எதுக்கு மேனேஜரு? நல்லா இருக்கா இல்லையான்னு வாயில போட்டா தெரியாதா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பதினாறு வருடம் சென்னைக்கு வெளியே கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் இருந்தவன் நான். ஒரு போல்ட்டின் தலை மயிரிழை பெருத்திருந்தாலும் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியவன். அவளுக்கு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு மாற்றல் வந்ததால்தான் விழுப்புரத்தில் வீடு பிடித்து, கைக்கு எட்டிய வேலையில் சேர்ந்தேன். அதைத் தியாகம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளோ அதை வாயில் போட்டுப் பார்க்கச் சொன்னாள்.

கம்பெனி முதலாளி சென்னையில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் வந்திருந்தார். அங்கிருந்து மூன்று பொருள்களோடு திரும்பினார்: ஒரு சான்றிதழ், தினமும் கொஞ்சம் முன்னேறு என்று எழுதிய ஒரு சுவர்ப்படம், தர மேலாளர் ஒருவர் வேண்டும் என்ற எண்ணம். மூன்றாவது பொருள் நான். தினமும் காலை ஆறு மணிக்குக் கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் தரத்தைப் பற்றி ஒரு பொன்மொழியும் ரோஜாப்பூவும் அனுப்புவார். பெண்கள் எல்லாரும் கைகூப்பும் படம் போட்டுவிட்டு வேலைக்கு வருவார்கள்.

வறுக்க ஒரு ஷெட், பாகு காய்ச்ச ஒரு ஷெட், பொறுக்க ஒரு ஷெட். பொறுக்கும் ஷெட்டில் நான்கு நீள மேஜைகள், மேஜைக்கு ஆறு பெண்கள். மூட்டையில் வரும் நிலக்கடலைப் பருப்பை, அவர்கள் பேச்சில் மல்லாட்டைப் பருப்பைக் கொட்டி, கல், சொத்தை, பொக்கு எல்லாவற்றையும் பொறுக்கித் தள்ளுவார்கள். இருபத்து நான்கு பேரும் அக்கம்பக்கத்து இரண்டு ஊர்க்காரர்கள். அந்த ஷெட்டில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அத்தை, அண்ணி, சின்னம்மா, சம்மந்தி என்றுதான் ஓடும். என்னை மட்டும் சார் என்பார்கள்.

வந்த வாரமே ஒரு சிவப்பு நோட்டைத் திறந்து, ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். தேதி, நேரம், என்ன தவறு, செய்தவர் யார், எப்படிச் சரிசெய்தோம். பெண்களை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினேன். "தப்பு நடக்கறது தப்பில்லை, மறைக்கறதுதான் தப்பு. யார் கண்ணுல பட்டாலும் உடனே எழுதணும். ஒரு கட்டத்தைக் காலியா விட்டாலும் அதுவும் ஒரு தப்புதான்." எல்லாரும் தலையாட்டினார்கள். இவ்வளவு நன்றாகத் தலையாட்டும் கூட்டத்தை நான் கார் கம்பெனியில் பார்த்ததே இல்லை.

மூன்று மாதம் ஆயிற்று. நோட்டில் ஒரு எழுத்துகூட விழவில்லை. மூன்றாம் மேஜைக்குப் பொறுப்பாக இருந்த பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். கண் மட்டும் கழுகுக் கண். பேசிக்கொண்டே பொறுக்குவாள், சிரித்துக்கொண்டே பொறுக்குவாள், ஒரு பொக்குகூடத் தப்பாது.

"ஏம்மா, ஒரு தப்பும் நடக்கலையா?"

"நடக்காம இன்னா சார், தெனமும் நடக்குது."

"அப்ப எழுத வேண்டியதுதானே?"

"இன்னா சார் பேசறீங்க? எனக்கு எதிர்ல குந்திக்கினு இருக்கறது என் நாத்தனா. அவ கல்ல வுட்டுட்டான்னு நான் எழுதிட்டு, வர்ற ஆவணியில அவ பொண்ணு காதுகுத்துக்கு எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போறது?"

"சரி, அடுத்த டேபிள்ல நடக்கறதை எழுது."

"அது எங்க அக்காவோட சம்மந்தி வூட்டு டேபிளு சார். அது இன்னும் பேஜாரு."

நான் தோற்பவன் இல்லை. நோட்டு நகரவில்லை என்றால் ஷெட்டை நகர்த்துவோம் என்று அடுத்த திட்டத்தை எடுத்தேன். வேண்டாததைக் கழி, இருப்பதை ஒழுங்காக அடுக்கு என்று ஜப்பான்காரர்களிடமிருந்து வந்த முறை அது. வேண்டாத பொருளின் மேல் ஒரு சிவப்புச் சீட்டை ஒட்ட வேண்டும், ஒட்டியதை எல்லாம் வெளியே தூக்கிப் போட வேண்டும். அந்த உற்சாகத்தில் வீட்டுச் சமையலறையிலும் ஏழெட்டு டப்பாவில் சீட்டு ஒட்டினேன். மறுநாள் என் மனைவி அதில் ஒன்றை எடுத்து என் சட்டை முதுகில் ஒட்டி அனுப்பிவிட்டாள். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை பஸ்ஸில் அதோடு போயிருக்கிறேன். கண்டக்டர்தான் எடுத்துக் கையில் கொடுத்தார்.

பொறுக்கும் ஷெட்டின் ஜன்னலில் ஒன்பது பழைய ஊறுகாய் பாட்டில்கள் வரிசையாக இருந்தன. உள்ளே கல். சிலதில் பாதி, சிலதில் கால், ஒன்றில் கழுத்து வரை. எனக்குப் பார்த்ததுமே உடம்பு எரிந்தது. உணவு செய்யும் இடத்தில் கல்லைச் சேர்த்து வைப்பார்களா? ஒன்பதிலும் சீட்டு ஒட்டினேன்.

"சார், அது இருந்துட்டுப் போவட்டும் சார்," என்றாள் மூன்றாம் மேஜைக்காரி.

"எதுக்கு? கோலம் போடவா?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அதற்குள் ஒழுங்கின் பெருமையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன். நான் ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்பது அவளுக்குத் தெரியும். "சரிங்க சார்," என்றாள். பாட்டில்கள் பழைய இரும்புக்காரர் வண்டியில் ஏறின. அதோடு நிற்காமல், சுவர் ஓரம் வியாபாரி வாரியாகக் கிடந்த மூட்டைகளையும் கலைத்து ஒரே உயரத்துக்கு அடுக்க வைத்தேன். ராணுவ அணிவகுப்புபோல நின்றன. முதலாளி அதைப் போட்டோ எடுத்து, அடுத்த நாள் ரோஜாப்பூவுக்குப் பதிலாகக் குழுவில் அனுப்பினார்.

பதினைந்து நாள்கூட ஆகவில்லை. சென்னையில் பல கிளைகள் வைத்திருக்கும் ஒரு கடை எங்களிடம்தான் பாதிச் சரக்கை வாங்கிக்கொண்டிருந்தது. அங்கிருந்து போன். மிட்டாயில் கல் இருந்ததாம், கடித்த ஒருவருக்குப் பல் ஆடிவிட்டதாம். ஆள் அனுப்பிப் பார்ப்போம், பிடிக்கவில்லை என்றால் சரக்கை நிறுத்துவோம் என்றார்கள்.

பாக்கெட் எண்ணை வைத்து, எந்த நாள், எந்த மேஜை என்று கண்டுபிடிக்கும் முறையை ஏற்பாடு செய்தவனும் நான்தான். என் வாழ்க்கையில் நான் ஏற்பாடு செய்ததில் உருப்படியாக வேலை செய்தது அது ஒன்றுதான். பத்தே நிமிடத்தில் விரலை நீட்டியது: மூன்றாம் மேஜை.

முதலாளி கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். "வர்ற ஆளுக்கு எதனா காட்டணும் சார். பொறுப்பானவங்கள நிறுத்திட்டோம்னு சொன்னா கோவம் அடங்கிப்பூடும். அந்தம்மாவ இந்த வாரத்தோட நிறுத்திரலாம். நோட்டுல அந்தம்மா பேர எழுதிடுங்க."

அவள் மகள் அந்த வருடம்தான் காலேஜில் சேர்ந்திருந்தாள். வீட்டில் நிலையான சம்பளம் அவளுடையது மட்டும். பேனாவை எடுத்தேன், மூடினேன். அப்போது எனக்கு உண்மை தெரியாது. ஆனால் எங்கேயோ உறுத்தியது. அன்று மாலை ஷெட்டுக்குப் போய் அவளிடம் நேராகக் கேட்டேன், உன் கண்ணுக்கா கல் தப்பியது என்று.

"அந்தப் பாட்டில் இருந்துச்சே சார்," என்றாள் தயங்கித் தயங்கி. "ஒரு யாவாரிக்கு ஒரு பாட்டிலு. அவங்கவங்க மூட்டையில வர்ற கல்ல அதுல போடுவோம். எது ஜல்தி ரொம்புதோ அந்த யாவாரி மூட்டைய ரெண்டு வாட்டி பொறுக்குவோம். கழுத்து வரைக்கும் இருந்துச்சே, அதுல இருந்தது வெள்ளக் கல்லு. ஒடச்ச மல்லாட்டைப் பருப்பு மாதிரியே இருக்கும், கண்ணுக்கே தெரியாது. இப்ப எது யார் மூட்டைன்னே தெரியல."

நான் பஸ்ஸில் வீட்டுக்குப் போனது நினைவில்லை. ஜப்பான்காரர்கள் எதைத் தேடி அலைந்தார்களோ, அதை இவர்கள் ஒன்பது ஊறுகாய் பாட்டிலில் செய்து ஜன்னலில் வைத்திருந்தார்கள். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, கட்டம் போட்ட நோட்டைக் கையில் கொடுத்தவன் நான். வெட்கமாக இருந்தது. விடிந்ததும் முதலாளியிடம் சொல்லிவிடுவது என்று முடிவுசெய்தேன். விடிந்தது, சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம் என்று தள்ளினேன். அதற்குள் சென்னையிலிருந்து அந்தக் கடையின் பெண் அதிகாரி காரில் வந்து இறங்கிவிட்டார்.

முப்பது வயதிருக்கும். தலைக்கு உறை, காலுக்கு உறை, கையில் ஒரு பலகை. முதலில் சிவப்பு நோட்டைப் புரட்டினார்.

"மூணு மாசத்துல ஒரு தப்புகூட நடக்கலையா?"

"ஒண்ணுகூட இல்லீங்க மேடம்," என்றார் முதலாளி, பெயர் எழுதச் சொன்னதையே மறந்து, பெருமையாக.

அதிகாரி தன் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து மேஜையில் வைத்தார். உள்ளே வெள்ளையாக ஒரு கல். "அப்ப இது எங்கேர்ந்து வந்துது?"

முதலாளி அந்தக் கல்லைத் தன் சொந்தப் பல் விழுந்து கிடப்பதுபோலப் பார்த்தார்.

அதிகாரி பொறுக்கும் ஷெட்டுக்கு வந்தார். மூன்றாம் மேஜையில் நின்று கேட்டார். அவள் எதையும் மறைக்கவில்லை. தன் மேஜைதான் என்றாள். முன்பெல்லாம் வியாபாரி வாரியாகக் கல்லைப் பாட்டிலில் போட்டு வைத்ததையும், அதைப் பார்த்து இரண்டு முறை பொறுக்கியதையும் சொன்னாள். அதிகாரியின் முகம் மலர்ந்தது. "ரொம்ப நல்ல முறையா இருக்கே! அந்தப் பாட்டில் எல்லாம் எங்கே?"

இருபத்து நான்கு பேரில் ஒருத்திகூட என் பக்கம் திரும்பவில்லை. ஒருத்தி மின்விசிறியைப் பார்த்தாள், ஒருத்தி முறத்தைத் தட்டினாள். ஒரு பெயரைச் சொன்னால் போதும், மூன்றாம் மேஜைக்காரியின் வேலை தப்பிக்கும். முதலாளி கதவைச் சாத்திப் பேசியது ஷெட்டுக்கு எட்டாமல் இல்லை; அது அவளுக்கும் தெரியும்.

"காணாம பூட்டுச்சுங்க," என்றாள்.

"ஒன்பது பாட்டில் எப்படிம்மா காணாம போகும்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு முகம் தெளிந்து சொன்னாள்: "எலி இஸ்துக்கினு பூட்டிருக்குங்க."

நாத்தனார் உடனே ஒத்து ஊதினாள். "ஆமாங்க. பெர்ர்ரிய எலி."

அதிகாரியின் பேனா நின்றது. உணவுக் கம்பெனியில் சோதனைக்கு வந்தவரிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், எலி என்று மட்டும் சொல்லக் கூடாது. முதலாளி ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டார். ஒரு கல்லுக்காக வந்தவர் பலகையில் புதுத் தாளைச் சொருகினார்.

"எலி இல்லை மேடம்," என்று கத்திவிட்டேன். "நான்தான்."

நான் ஏதோ துணிச்சலாக உண்மையைச் சொன்னேன் என்று பின்னால் முதலாளி பலரிடம் சொன்னார். அதெல்லாம் இல்லை. எலியைக் கொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை. சீட்டு ஒட்டியது, பாட்டிலைத் தூக்கிப் போட்டது, மூட்டையைக் கலைத்தது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அதிகாரி நம்பாமல் டார்ச் அடித்து மேஜைக்கு அடியில், மூட்டை இடுக்கில் எல்லாம் இரண்டு மணி நேரம் எலி தேடினார். ஒரு புழுக்கைகூடக் கிடைக்கவில்லை. பாட்டில்களைத் திரும்ப வையுங்கள், மூட்டைகளைப் பிரித்து அடுக்குங்கள், ஒரு மாதம் கழித்து வருகிறேன், அதுவரை சரக்கு வரட்டும் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

முதலாளியிடம் மெதுவாகக் கேட்டேன், மூன்றாம் மேஜை விஷயம் என்ன என்று. "அந்தம்மா இருக்கட்டும்," என்றார், என்னை மேலும் கீழும் பார்த்துக்கொண்டே. நான் இருக்கலாமா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஷெட்டுக்குத் திரும்பினேன். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "பாட்டிலை நான் போட்டேன்னு சொல்ல வேண்டியதுதானேம்மா? உன் வேலை போயிருக்குமே!"

"அதெப்படி சொல்றது?" என்றாள். நாத்தனார் பெயரை எழுதச் சொன்னபோது என்னைப் பார்த்த அதே பார்வை.

சிவப்பு நோட்டைத் திறந்து முதல் வரியில் தேதி போட்டு எழுதினேன். என்ன தவறு: கல் பாட்டில்களைத் தூக்கிப் போட்டது, மூட்டைகளைக் கலைத்தது. செய்தவர்: என் பெயர். எப்படிச் சரிசெய்தோம்: பாட்டில் திரும்ப வைக்கப்படும். எழுதி முடித்து நோட்டை மூடப் போனேன்.

அவள் எட்டிப் பார்த்து, விரலால் தடுத்தாள்.

"நேரம் போடலியே அண்ணே. காலியா வுட்டா அதுவும் தப்புன்னு நீதான சொன்ன?"