மொட்டை ஐயாவின் படபடப்பு

சலவைக் கடை அக்கா மனவியல் படிக்கப் போனதற்கு அறிவுத் தாகம் காரணமில்லை. கடைக்கு மேல்மாடியில் மாலை வகுப்பு நடந்தது. அதே நேரத்தில் வீட்டில் அண்ணி தொலைக்காட்சியை அலற விடுவாள். இரண்டையும் எடைபோட்டுப் பார்த்துவிட்டு மாடிப்படி ஏறினாள், அவ்வளவுதான். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லையே என்ற கவலையை அண்ணன் மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டதால், அவளுக்கு அதில் பங்கு மிஞ்சவில்லை.

வகுப்பில் எதைக் கேட்டாலும் வீட்டில் செய்து பார்த்துவிட வேண்டும் அவளுக்கு. மணியடித்துவிட்டுச் சோறு வைத்துப் பழக்கினால், பிறகு வெறும் மணிச் சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறும் என்று ஆசிரியை ஒருநாள் சொன்னார். வீட்டில் நாய் இல்லை, அண்ணன் இருந்தார். அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு போடும்முன் கரண்டியால் பாத்திர மூடியை ஒரு தட்டுத் தட்டினாள். கொஞ்ச நாளில், பாத்திரம் கழுவும்போது அண்ணி கை நழுவிக் கரண்டியைப் போட்டால்கூட அண்ணன் எழுந்து வந்துவிடுவார்.

"இப்பத்தானே சாப்பிட்டு கை கழுவுனீங்க. மறுபடி ஏன் தட்டை எடுத்துட்டு வர்றீங்க?" என்றாள் அண்ணி.

அக்காவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. மணி, நாய்க் கதையைச் சொல்லி மாட்டிக்கொண்டாள்.

"நாயை வச்சு பண்றதை எம்புருஷனை வச்சு பண்ணியிருக்கியா நீ?" என்று அண்ணி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"அது இருக்கட்டும். சோறு இருக்கா, இல்லையா?" என்றார் அண்ணன்.

இப்படி விளையாட்டாகப் போய்க்கொண்டிருந்த படிப்பு ஒருநாள் நிஜமாகவே கைகொடுத்தது. கூட்டம் கூடின இடத்தில் உதவி குறையும் என்பது அந்த வாரப் பாடம். ஒருவர் மட்டும் இருந்தால் ஓடிவந்து தூக்கிவிடுவார். ஐம்பது பேர் இருந்தால் அவன் செய்வான், இவன் செய்வான் என்று ஆளாளுக்கு அடுத்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் பொதுவாகக் கத்திப் பயனில்லை, ஓர் ஆளைப் பார்த்து விரலை நீட்டு என்றார் ஆசிரியை.

பாடத்தின் சூடு இன்னும் ஆறவில்லை, கடையில் துணி உலர்த்தும் மிஷினுக்குள் சேர்ந்திருந்த பஞ்சுத் தூசி பற்றிக்கொண்டது. பட்டப்பகல். புகை வாசல்வரை வந்துவிட, அக்கா இருமிக்கொண்டே தெருவுக்கு ஓடிவந்தாள். எதிரே நல்ல கூட்டம். பாதிப் பேர் வாயைப் பிளந்து நின்றார்கள், மீதிப் பேர் செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். "யாராச்சும் வாங்களேன்" என்று கூப்பிட்டாள். யாரோ ஒருவர் வருவார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அப்போதுதான் பாடம் நினைவுக்கு வந்தது.

"பச்சை சட்டை தம்பி, போனை ஆட்டாம தீயணைப்புக்கு கூப்பிடு. குடை வச்சிருக்கிற அம்மா, மெயின் சுவிட்ச் பக்கத்துக் கடையில இருக்கு, சொல்லி கரண்டை நிறுத்துங்க. மொட்டை ஐயா, உங்களைத்தான், உங்க பின்னாடி மருந்துக் கடை சுவத்துல தீயணைக்கிற சிவப்பு சிலிண்டர் தொங்குது பாருங்க, எடுத்துட்டு வாங்க."

மூவரும் சொல்லி வைத்தாற்போல் அசைந்தார்கள். மொட்டை ஐயா சிலிண்டரோடு உள்ளே பாய்ந்தார். வண்டி வருவதற்குள் தீ அடங்கிவிட்டது. யாரோ துவைக்கக் கொடுத்திருந்த ஜன்னல் திரைகள் மட்டும் கருகிப்போயின. ஐயா வெளியே வந்தபோது தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் தூள். புருவம் இருக்கிறதா என்று அக்கா கிட்டப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது.

அவர் இரண்டு தெரு தள்ளிப் பூட்டு ரிப்பேர் கடை வைத்திருப்பவர். மனைவி இறந்து வெகுகாலமாகத் தனி ஆள். மறுநாள் காலையில் சலவைக் கடைக்கு வந்து, துவைக்கத் துணி எதுவும் இல்லாமல் மேசை முன்னால் நின்றார்.

"நேத்துலேர்ந்து உங்களை நெனச்சாலே நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதுங்க" என்றார்.

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அது நானில்லை, நெருப்பு. உடம்பு பயத்துல அடிச்சுக்கும். மனசு காரணம் தெரியாம பக்கத்துல யாரு நிக்கிறான்னு பாத்து, அவங்கமேல பழியைப் போடும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். உங்க கண்ணுக்கு நான் தேவதையா தெரிஞ்சிருக்கேன், அவ்வளவுதான்."

"அப்ப என்ன பண்றது?"

"படபடப்பு அடங்கட்டும். அதுக்கப்புறம் தோணுனா வாங்க."

அவர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டுப் போனார். ஆனால் அதற்கடுத்த நாள் முதல் தினமும் ஒரு சட்டையோடு வர ஆரம்பித்தார். கல்யாணப் பேச்சே இல்லை. சட்டையில் அழுக்கும் இல்லை. கொடுப்பார், முந்தைய நாள் சட்டையை வாங்கிக்கொள்வார், போவார். வரவர, அவர் வரும் நேரத்துக்கு அக்காவின் பார்வை தானாக வாசல் பக்கம் போயிற்று. அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. ஒரு முகத்தை அடிக்கடி பார்த்தாலே பிடித்துப்போகும் என்பதும் வகுப்பில் படித்ததுதான்.

"யோவ்... ஐயா, எங்க புத்தகத்தைப் படிச்சுட்டு வந்து எங்கிட்டயே வேலையைக் காட்டுறீங்களா? அடிமேல் அடி வச்சா அம்மியும் நகரும்னு?"

"எந்தப் புத்தகம்?" என்றார் அவர். அந்த முகத்தில் கள்ளம் இருந்ததா இல்லையா என்று அவளால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

வகுப்பில் கையை உயர்த்திக் கேட்டாள். "டீச்சர், ஒருத்தர்மேல வர்றது அன்பா, பாத்துப் பாத்து வந்த பழக்கமான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?" வகுப்பே சிரித்தது. ஆசிரியை மட்டும் சிரிக்காமல், "ஒப்பிட்டுப் பாக்க இன்னொருத்தர் வேணும்" என்றார்.

இன்னொருவர் இருந்தார். அதே நேரத்தில், அதே மேசைக்கு, ஓட்டல்காரர் தினமும் மேசை விரிப்புகளைக் கொண்டுவந்து போடுவார், வருஷக் கணக்காக. அக்கா அவர் முகத்தை ஒருநாள் முழு மனதோடு உற்றுப் பார்த்தாள். மேசை விரிப்பைப் பார்த்தால் வரும் உணர்ச்சிகூட வரவில்லை. ஓட்டல்காரர்தான் பயந்துபோய் மறுநாள் மகனை அனுப்பிவிட்டார்.

அன்று மதியமே அக்கா பூட்டுக் கடைக்குப் போனாள். ஐயா சாவி ஒன்றை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார்.

"படபடப்பு அடங்கிடுச்சா?" என்றாள்.

"அது என்னிக்கோ அடங்கிடுச்சுங்க. நெனப்புதான் அடங்கல."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எனக்கு சமையல் சுமாராத்தான் வரும். ஏன் எதுக்குன்னு கேள்வி கேட்டுட்டே இருப்பேன். ஆளை வச்சு சோதனை பண்ற கெட்ட பழக்கமும் இருக்கு."

"எங்கண்ணுக்கு அதெல்லாம் ஒரு குத்தமா தெரியல" என்றார் அவர், சாவியை ஊதிக்கொண்டே.

செய்தியைக் கேட்டு அண்ணன் கண்கலங்கினார். இத்தனை வருஷக் கவலையை என்ன செய்வது என்று தெரியாமல் நாலு நாள் வீட்டுக்குள் சுற்றிச்சுற்றி வந்தார். அண்ணி மாப்பிள்ளையைத் தனியே அழைத்து, "சாப்பாடு போடுறப்ப ஏதாச்சும் சத்தம் குடுத்தா உஷாரா இருங்க" என்று எச்சரித்தாள். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்ட கையோடு, அக்கா மாலையைக் கழற்றி அண்ணியிடம் கொடுத்துவிட்டு மாலை வகுப்புக்கு ஓடினாள். அன்று மறதியைப் பற்றிப் பாடம். தாமதமாகப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அவளுக்கும் நினைப்பு அடங்காததால், பாடத்தில் பாதிக்குமேல் காதில் விழவே இல்லை.