தீர்மானம் வாசித்த யுனிக்ஸ் இயந்திரம்

பிள்ளையாரறிய, இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என்ரை மிச்சப் பல்லும் கொட்டிப்போகட்டும். நெட் அறுந்தால் முதல் திட்டு வாங்குவது எங்கள் தொழில்காரர்தான். கறுப்புத் திரையில் ஓடும் பதிவு வரிகளைப் பார்த்துக் கண் பூத்த சகபாடிகளுக்கு இது விளங்கும்.

அழிந்த பாதை

சாவகச்சேரியில் ஒரு சின்ன இணையக் கம்பனியில், வீடுகளுக்கு இணையத்தைப் பிரித்தனுப்பும் யுனிக்ஸ் இயந்திரம் என் பொறுப்பு. ஒரு வீட்டின் இணைப்பு விழுந்தால், அந்த வீட்டுக்கான பாதையை அது அழித்துவிட்டுப் பதிவில் ஒரு வரி எழுதும். எழும்பினால், திரும்பச் சேர்த்து இன்னொரு வரி.

ஒருநாள் பின்னேரம் அளவெட்டியிலிருந்து ஒரு தவில் வித்துவான் கூப்பிட்டார். மறுநாள் காலை மகளுக்குக் கொழும்புக் கம்பனியோடு வீடியோவில் நேர்முகத் தேர்வு. நெட்டோ அறுந்து அறுந்து வருகிறது. பதிவைப் பார்க்கிறேன் என்றேன்.

"பாருங்கோ அண்ணை. பிள்ளையின்ரை வேலை போச்செண்டால், அங்கை வந்து உங்கடை மிசினுக்கு முன்னாலை இருந்து வாசிப்பன்."

ஆதி தாளம்

பாதை அழிந்தது, சேர்ந்தது, அழிந்தது. காற்று மழையென்றால் வரிகள் கண்டபடி வரும். இவை அளவெடுத்து வந்தன. நேரங்களை மேசையில் தட்டிப் பார்த்தேன். சுத்தமான ஆதி தாளம். உடனே வித்துவானுக்குப் போன் அடித்தேன்.

"வித்துவான், இப்ப தவில் வாசிக்கிறியளோ?"

"ஓம். தேர்த் திருவிழா வருகுதெல்லே. சுவரோடை சாய்ஞ்சிருந்து சாதகம் பண்ணுறன்."

அந்தச் சுவரின் மறுபக்கம்தான் எங்கள் ரவுட்டர். வயர் முனையின் கொளுக்கி உடைந்து, ஒவ்வொரு அடிக்கும் கழன்று பொருந்தியிருக்கிறது. புது வயர் மறுநாள் பின்னேரம்தான் போகும். தேர்வு முடியும்வரை தவிலைத் தொடக்கூடாதென்று சத்தியம் வாங்கினேன். பக்கத்து மேசை நிஸாம் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, உங்களுக்கு மூளை கழண்டிட்டுது. ஆனா தாளம் பிழைக்கேல்லை."

மூன்று தரம்

காலையில் தேத்தண்ணியை ஆறவிட்டுவிட்டு இருவரும் திரையையே பார்த்திருந்தோம். ஒரு வரியும் இல்லை. தேர்வு முடியும் நேரம். திடீரென வரிகள் கொட்டின. ஒரே அடுக்கு, அச்சுப் பிசகாமல் மூன்று தரம். தவில்காரர் வாசிப்பை முடிக்கும் தீர்மானமேதான். "வேலை கிடைச்சிட்டுது," என்றேன். நிஸாம் சிரித்து முடியவில்லை, போன் அடித்தது. மகள்தான்.

"ஐயா, வேலை தந்திட்டினம். எப்ப வந்து சேரோணுமெண்டு சொல்ல வாயெடுக்கேக்கை நெட் அறுந்திட்டுது. அப்பா இன்னும் நிப்பாட்டேல்லை."

யுனிக்ஸ் பதிவு விளங்கக் கணினிப் படிப்பைவிட நாலு திருவிழா பார்த்திருப்பது உதவும். ஆனால் இதை ஆர் சொன்னதென்று ஒருவருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ, கம்பனி என் சம்பளத்தைக் கோயிலில் போய் வாங்கச் சொல்லிவிடும்.