பெட்டிக்குள் அப்பா

பித்தானை அழுத்தியதும் விசிறி சுற்றியது, முகப்பில் பச்சை விளக்கு எரிந்தது, திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. அப்புறம் ஆரம்பித்தது ஒப்பாரி. நீளமாக ஒரு பீப், கொஞ்சம் மௌனம், மறுபடி நீளமாக ஒரு பீப். மயிலாப்பூர் வீட்டு முன்னறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதைக் கேட்டபோது நான் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன்.

கம்ப்யூட்டர் கெட்டுப்போனதற்காக நான் அப்படிப் பயந்துவிடவில்லை. பாகம் பாகமாக வாங்கி வந்து நானே திருகாணி முடுக்கிய பெட்டி அது. மக்கர் செய்வது அதற்குப் பழக்கம்தான். ஆனால் அதன் ஹார்ட் டிஸ்க்கில் அப்பாவின் குரல் இருந்தது. வேறு எங்கேயும் இல்லை. அப்பாவிடமும் இல்லை.

அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை எடுத்தால்தான் பிழைப்பார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முன்னால் அவரைக் கம்ப்யூட்டர் எதிரில் உட்கார வைத்து மைக்கை நீட்டினேன். ஆயுசு முழுக்க வகுப்பறையில் கணக்கைக் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்த மனிதர், அந்தச் சின்ன மைக்கைக் கண்டதும் புது மாப்பிள்ளை மாதிரி நெளிந்தார். "என்னத்தடா பேசறது?" என்று என்னோடு சண்டை போட்டதுதான் பதிவில் பாதி. கேசட் வேண்டாம், பூஞ்சை பிடிக்கும், கம்ப்யூட்டர் என்றால் சாசுவதம் என்று அளந்தவன் நான். பதிவானதோ எந்த ஃப்ளாப்பியிலும் அடங்காத அளவுக்குப் பெரிசு. சி.டி. எழுதும் கருவி எனக்குத் தெரிந்த யாரிடமும் அப்போது கிடையாது.

அம்மா அதை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. "நேக்கு தைரியமில்லடா. இருக்கோன்னோ, அது போறும்" என்று சொல்லிவிட்டாள்.

பீப் சத்தம் கேட்டு, பிரம்பு நாற்காலியில் இருந்த அப்பா நிமிர்ந்தார். கழுத்துத் துவாரத்தின் மேல் கட்டியிருந்த வெள்ளைத் துணி மூச்சுக்கு ஏற்ப அசைந்தது. கையைத் திருப்பி, என்ன என்று கேட்டார். "ஒண்ணுமில்லப்பா, சும்மா" என்றேன். குரல் போயிற்றே தவிர அவருக்குப் பாம்புக் காது. நம்பவில்லை.

மேற்கு மாம்பலத்தில் என் சிநேகிதன் ஒருவன் இருந்தான். தெருவில் பாதிப் பேருக்குக் கம்ப்யூட்டர் பூட்டிக்கொடுத்தவன். போனில் பிடித்தேன்.

"இன்னா மச்சி, பீப் நீட்டா வர்துதா, குட்டியா வர்துதா?"

"நீட்டா."

"அப்ப ராம்தான், அந்த மெமரிப் பட்ட. கய்ட்டி, ரப்பர் போட்டுத் தேச்சு, திருப்பி மாட்டு."

"டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆயிருக்காதே?"

"அது ஆன் ஆனாத்தான் தெரியும். டக்கு டக்குன்னு சவுண்டு வந்திச்சின்னா மட்டும் ஒடனே ஆஃப் பண்ணிடு. நம்ம பக்கத்து வூட்டுக்காரன் ஒருத்தனுக்கு அப்டித்தான், ஒரே நாள்ல அல்லாம் பூட்சு. ஜன்னல் கம்பியத் தொட்டு ஒடம்புல கீற கரண்ட எறக்கிட்டு அப்பால உள்ள கைய வுடு."

ஆறுதல் கேட்கப் போய்ப் பயத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். பிளக்கைப் பிடுங்கினேன். ஜன்னல் கம்பியைத் தொட்டேன். திருகாணிகளைக் கழற்றும்போது ஒன்று உருண்டு பீரோவுக்கு அடியில் போய்விட்டது. தேடக்கூடத் தோன்றவில்லை. மூடியை இழுத்தேன்.

உள்ளே எல்லாம் சாம்பல். பச்சைப் பலகை மேல், ஒயர்கள் மேல், விசிறி இறக்கையில், எங்கு பார்த்தாலும் வெள்ளையாக, நைஸாக. எரிந்தே போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்பா எழுந்து வந்து குனிந்தார். விரலால் ஒரு துளி தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

விபூதி.

"அம்மா, இதுக்குள்ள எப்படிம்மா விபூதி?"

அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "நான்தான். கார்த்தால அப்பாவுக்கு இட்டுவிட்டு, அதுக்கும் ஒரு சிட்டிகை பின்னால ஓட்டை வழியா ஊதிவிடுவேன். அவர் குரல் அதுக்குள்ளன்னா இருக்கு? அதுக்கும் ஒண்ணும் ஆயிடப்படாதேன்னுட்டு..." பேச்சு பாதியில் நின்றது. என் முகத்தைப் பார்த்துவிட்டாள். "நான் ஏதாவது பண்ணிட்டேனாடா?"

நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன். அவள் பயமும் என் பயமும் ஒன்றுதானே. "சரியாயிடும்மா" என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

"ஆச்சுன்னா சொல்லு. ஆகலைன்னா எங்கிட்ட சொல்லவே சொல்லாதே" என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

அப்பா தன் அறைக்குப் போய், பழைய சவரப் பிரஷ்ஷையும் பென்சில் ரப்பரையும் எடுத்து வந்தார். தூசி துவாரத்தில் போகுமே, தள்ளி உட்காருங்கள் என்று கெஞ்சினேன். கழுத்துத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு டார்ச் பிடித்தார். நான் பிரஷ்ஷால் தூசி தட்டி, ராம் பட்டையைப் பிடுங்கினேன். விரல் நீளப் பச்சைப் பட்டை. அடியில் பல்வரிசை போலத் தங்க நிறத் தகடுகள். விபூதியும் மயிலாப்பூர்க் கடல் காற்றின் ஈரமும் சேர்ந்து அதில் காரை கட்டியிருந்தது. ரப்பரால் தேய்த்தேன். ரப்பர்த் துகளை ஊதித் தள்ள அப்பா பழக்கத்தில் உதட்டைக் குவித்தார். காற்று வரவில்லை. அவருக்கு மூச்சு இப்போது கழுத்து வழியாகத்தான். குவித்த உதட்டை மெல்ல மூடிக்கொண்டார். நான் அவரைப் பார்க்காமல் ஊதினேன்.

மாட்டினேன். பிளக்கைச் செருகினேன். பித்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு, தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன்.

குட்டியாக ஒரே ஒரு பீப். திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. டக்கென்று ஒரு சத்தம் கேட்டு உயிர் போயிற்று; பார்த்தால் அது கூடத்துக் கடிகாரம். பிறகு திரை முழுக்க வெளிச்சம் வந்தது. கோப்பு இருந்தது. ஆனால் இருப்பது வேறு, பாடுவது வேறு. அப்பாவைப் பார்த்தேன். போடு என்று கையசைத்தார். அழுத்தினேன்.

ஸ்பீக்கர் உச்சத்தில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. வீடு அதிர அப்பாவின் குரல் கேட்டது.

"ஏண்டி, காபி ஆச்சா இல்லையா? இவன் என்னமோ பேசுங்கறான்!"

"இதோ வந்துண்டே இருக்கேன்னா!" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது. பின்னாலேயே அம்மா ஈரக் கையோடு ஓடி வந்தாள். நிலைப்படியில் நின்றுவிட்டாள். பெட்டி பேசிக்கொண்டிருந்தது. அப்பா வாயை மூடிக்கொண்டு நாற்காலியில் இருந்தார்.

"கூப்ட்டேளா?" என்று அம்மா அவரைத்தான் கேட்டாள்.

அப்பா பெட்டியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு, ஆமாம் என்று தலையாட்டினார்.